கோவேறு கழுதைப் பாதை

தொப்பி சுருங்கிவிட்டது என்றுதான் நினைத்தோம்.
கம்பளி அப்படித்தான், வெந்நீரில் போட்டால்.
மே மாதக் குளிருக்கு முன்
லிந்தாமீர் இன்னொன்று பின்னினாள்.
மூன்றே வாரம். அதுவும் காதுக்கு மேலேயே நின்றது.

குரிச்சிபா மருத்துவமனையில் திரையைத் திருப்பிக் காட்டினார்கள்.
மூளைக்குள் நீர் சுரக்கும் இடமாம்,
அங்கே காலிஃப்ளவர் மாதிரி ஒன்று.
மிக அரிது என்றார் மருத்துவர்.
அந்தச் சொல்லை அதுவரை
நல்ல பொருள்களுக்கே வைத்திருந்தேன்.

பிறகு எங்கள் ரத்தத்தையும் கேட்டார்கள்.
வந்த தாளில், ஓர் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
இன்னோர் எழுத்து.
பள்ளியில் இதற்கு அரை மதிப்பெண் போகும்.
பிழை என்னுடையது. லிந்தாமீருடையது அல்ல.
அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்,
மூடியிருந்ததையே.

தெற்கிலிருந்து சொரொகாபா சந்தைக்குக்
கோவேறு கழுதை ஓட்டிப்போனவர்களில் எவனோ ஒருவன்
வழிநெடுக இறக்கிவிட்டுப் போயிருக்கலாம் என்றார்கள்.
உறுதியில்லையாம்.
அந்தப் பாதையில்தான் நான் சோயா ஏற்றி லாரி ஓட்டுகிறேன்.
எடைமேடையில் நிறுத்திக் கிலோக் கணக்கில் பார்ப்பார்கள்.
இது மட்டும் எதிலும் நிற்கவில்லை.

கோவேறு கழுதைக்கு வாரிசு கிடையாது.
ஓட்டினவனுக்கு இருந்தது.

அண்ணன் இரினேயுவுக்கு மூன்று பையன்கள்.
"தெரிந்து என்ன ஆகப்போகிறது" என்றான்,
சுட்ட பினியோன் கொட்டையை உரித்தபடி,
தோலைப் பார்த்துக்கொண்டே.
நான் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன்.
ஓல்கா அத்தை, மார்பில், முப்பத்தொன்று.
அப்பாவின் தம்பி, வயிற்றில் கட்டி, ஐந்து.
கழித்தல் கணக்கு எனக்கு வரவே வராது.
அன்று வந்தது.

மயாராவை உள்ளே கொண்டுபோனபோது
லிந்தாமீர் தொப்பியைக் கழற்றித் தன் சட்டைக்குள் வைத்துக்கொண்டாள்.
ஒன்பது மணி நேரம் ஆகும் என்றார்கள்.
எந்திரக் காப்பி. அணைக்க முடியாத தொலைக்காட்சி.
யாரோ கோல் போட்டார்கள்.

எட்டாவது மணியில் மின்தூக்கி திறந்தது.
இரினேயு. பின்னால் பையன்கள் மூவரும்
ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில்.
எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை.
"ரத்தம் எடுப்பது எந்த மாடி?" என்றான்.

கடைக்குட்டிக்கு நான்கு வயது.
குளிருக்குத் தொப்பி போட்டிருந்தான்.
எழுந்து போய்
அதற்கும் நெற்றிக்கும் நடுவே
ஒரு விரலை விட்டுப் பார்த்தேன்.