முடிச்சுக்கு முடிச்சு

மார்லிஸ் ஹௌகன் மூன்றாம் முறை கடைக்கு வந்தபோதும்
கையில் அதே கயிறு.
வைக்கோல் கட்டும் ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் கயிறு,
இந்த முனையில் ஒரு முடிச்சு, அந்த முனையில் ஒன்று.

வாசலில் வரிசையாக நிற்கின்றன
ஏறி ஓட்டும் புல்வெட்டிகள்.
அயோவாவின் மே மாத வெயில்
என்னைவிட நன்றாகச் சிரிக்கிறது அவற்றின் மூடிகளில்.
முதல் வரிசையில் ஐம்பத்து நாலு அங்குலத்தான்:
ஸ்டியரிங் கிடையாது, இரண்டே நெம்புகோல்,
நின்ற இடத்தில் பம்பரமாய்ச் சுற்றுவான்.
அவனைத் தள்ளிவிட்டால்
என் பல் வைத்தியரின் பாக்கி தீரும்.

நான் அளந்தேன்:
"நாலு ஏக்கரா? ஒன்றரை மணி நேரம்.
மிச்சப் பொழுதெல்லாம்
ஆற்றங்கரையில் தூண்டிலோடு உட்காரலாம்."
அவரும் அளந்தார்.
குனிந்து, வெட்டுத்தட்டின் குறுக்கே
கயிற்றைப் படுக்க வைத்து.

"எட்டு அங்குலம் அதிகம்" என்றார்.
புரோப்பேன் டாங்கிக்கும் ஆஷ் மரத்துக்கும் நடுவே
முடிச்சுக்கு முடிச்சு நாற்பத்தாறு.
பின்பக்கத்துக்கு அது ஒன்றுதான் வழி.

வழியை விட்டுச் சரிவுக்குப் போனோம்.
அவர் தம்பி வெர்லின் இதே மாதிரி ஒன்றில்
போன செப்டம்பரில், ஈரப் புல்லில்,
வழுக்கிக்கொண்டே குளத்துக்குள் இறங்கினானாம்.
ஓடிப் போய்ப் பார்த்தால்
மூழ்கிய வண்டியின் மேல் இடுப்பளவு தண்ணீரில் நின்று
தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தானாம்.

பிறகு ஒவ்வொரு இருக்கையிலும் ஏறி உட்கார்ந்தார்.
பெடலை மிதித்தார், இறங்கினார், மறுபடி ஏறினார்.
"பெல்ட் அறுந்தால் எத்தனை நாள்?"
"ஜூன் மாதமென்றால் பத்து நாள்."
அன்று நான் சொன்ன முதல் உண்மை.
"பத்து நாளில் புல் என் முழங்காலுக்கு வந்துவிடும்.
அந்த முழங்காலே என்னுடையது இல்லை,
டைட்டானியம்."

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முதலாளி
மணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

கடைசி வரிசை. போன வருஷத்து மாடல்.
நாற்பத்திரண்டு அங்குலம்.
ஒரு டயரில் காற்றுக் குறைவு.
இருக்கைக்கு அடியில் குளவி ஒன்று
மூன்று அறை கட்டி முடித்திருந்தது.
"புல் தள்ளும் வாய் மடங்குமா?"
மடக்கிக் காட்டினேன்.
கயிற்றை வைத்தார்.
காசோலைப் புத்தகத்தை எடுத்தார்.

சனிக்கிழமை, டிரெய்லரில் ஏற்றி,
சரளைச் சாலையில் தூசி கிளப்பி, கொண்டுபோனேன்.
பலகையைச் சாய்த்து இறக்கிவிட்டு நிமிர்ந்தால்
வெள்ளை டாங்கி இருக்கிறது.
ஆஷ் மரம் இல்லை.
தரையோடு தரையாக ஒரு வட்டம்.
வண்டு அரித்து, வெட்டி, இரண்டு குளிர்காலம் ஆயிற்றாம்.
ஐம்பத்து நாலு தாராளமாகப் போகும்.
எழுபத்திரண்டே போகும்.

வாயைத் திறந்தேன்.
வட்டத்தை ஒட்டி, பிளாஸ்டிக் குழாய்க்குள்,
கட்டைவிரல் தடிமனில் ஓர் ஓக் கன்று நின்றது.

"அது மரமாக முப்பது வருஷம் ஆகுமே," என்றேன்.
"இந்த வண்டி பன்னிரண்டு ஓடினாலே பெரிசு."
"தெரியும்," என்றார், சாவியைத் திருகியபடி.
"அதனிடம் சொல்லிவிடாதே, டேரன்."

எஞ்சின் இருமியது, பிடித்தது.
வாயை மடக்கி, டாங்கியை ஒட்டி,
இந்தப் பக்கம் இரண்டு அங்குலம், அந்தப் பக்கம் இரண்டு,
கன்றின் மேல் ஒரு புல்கூடத் தெறிக்காமல் போனார்.
வட்டத்தைத் தாண்டும்போது
தலையைக் குனிந்துகொண்டார்,
அங்கே ஒரு காலத்தில் தாழ்ந்திருந்த
ஏதோ ஒரு கிளைக்காக.

சரிவில் ஏறி, சீராக, திரும்பி வந்து,
மறுபடியும் அங்கே குனிந்தார்.

ரசீதில் கையெழுத்து வாங்க
மறந்தே போனேன்.