பதிவேட்டில் இருபத்திரண்டு

அக்கரைப்பேட்டை ஐஸ் பிளாண்டில்
இரவு ஷிப்டு ஏழு மணிக்கு.
அம்மோனியா அழுத்தம், உப்புநீர் வெப்பம்,
கம்ப்ரசர் எண்ணெய் மட்டம்.
மணிக்கொரு தடவை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.
மீதி நேரத்துக்கு
யாகோடா வில்ச்செக் இருந்தாள்.

போலந்து. டோருன் என்ற ஊர்.
அங்கேயும் ஓர் ஆறு கடலைத் தேடிப் போகிறதாம்.
அதற்குமேல் அந்த ஊரைப் பற்றித் தெரியாது.
அவளுடைய இடது முழங்கால் தெரியும்.
குதிப்பதற்கு முன் அரைநொடி அது யோசிக்கும்.
யோசித்தால் விழுவாள்.

கட்டியின் நடுவே வெள்ளை விழாமல்
உறைய வைப்பது எப்படி என்று தேடினேன்.
போனில் வந்தது ஒரு பனித்தளம்,
நீலச் சட்டையில் பதினேழு வயசுப் பெண்.
மூன்று சுற்று சுற்றி இறங்க வேண்டியவள்
இரண்டேகாலில் உட்கார்ந்துவிட்டாள்.
அன்றைக்கு முப்பத்தொன்றாவது.
அடுத்த வருஷம் இருபத்தாறு.
அப்புறம், என்னவோ, இருபத்தெட்டு.
முதல் இருபத்திநாலு பேருக்குத்தான் இரண்டாம் ஆட்டம்.
மற்றவர்களுக்குப் பெட்டி கட்டும் நாள்.

தரவரிசையில் கீழே இருப்பவர்களை
முதலில் இறக்கிவிடுவார்கள்.
இங்கே ஏழரை என்றால் அங்கே மூன்று.
நாற்காலிகளில் கோட்டுகள் மட்டும் உட்கார்ந்திருக்கும்.
நாலு பக்கமும் திரும்பிக் குனிந்து வணங்குவாள்,
ஒரு கோட்டையும் விடாமல்.

“ஜெயிக்கிற பொண்ணாப் பார்த்துப்
பிடிக்கக் கூடாதா தம்பி?”
கிரஷர் பார்க்கிற நாகூர் நிஜாமுதீன் கேட்டார்.
அதற்குள் வண்டி வந்துவிட்டது.
விசைப்படகுக்கு நூற்றிநாற்பது பார்.

அப்புறம் ஒரு தை மாதம்.
கீழ்வேளூர்ப் பக்கமெல்லாம்
அறுவடை மெஷின்கள் விளக்குப் போட்டு ஓடின.
அவளுக்கு இருபத்திமூன்று வயசு, ஐரோப்பியப் போட்டி.
லட்ஸ் எடுத்தாள்.
முழங்கால் யோசிக்கவில்லை.
ஐஸில் இரும்பு பதியும் சத்தம் எனக்குத் தெரியும்,
பதினோரு வருஷமாகக் கொக்கி போட்டு இழுக்கிறவன்.
அது சுத்தமான சத்தம்.
எல்லாரும் ஆடி முடித்தபோது
பட்டியலில் இருபத்திரண்டு.

எழுந்து நின்றேன்.
சொல்வதற்குப் பக்கத்தில் யாருமில்லை.
பதிவேட்டை எடுத்து
பதினோரு மணி, அழுத்தம் என்ற கட்டத்தில்
இருபத்திரண்டு என்று எழுதினேன்.

விடிந்ததும் முதலாளி போனில் கத்தினார்:
“பதினாறுலயே வால்வு திறந்திருக்குமேய்யா!
பிளாண்ட் இருக்கா, பறந்துடுச்சா?”
மெக்கானிக் வந்து கேஜைத் தட்டினான்,
மூட்டு மூட்டாகக் குழாயை முகர்ந்தான்,
என் வாயையும்.
ஒருநாள் சம்பளம் போயிற்று.
இரண்டாம் ஆட்டத்தில் இரண்டு தடவை விழுந்து
இருபத்திநாலாவதாக முடித்தாள்.
அதை எங்கேயும் எழுதவில்லை.

அதற்கப்புறம் கணுக்கால், ஆபரேஷன்,
ஒரு சீசன் முழுக்கக் காலி.
திரும்பி வந்தபோது கூட ஆடியவர்கள்
பல்லில் கம்பி போட்டவர்கள்.
மார்ச்சில் உலகப் போட்டி.
இருபத்தைந்தாவது.
பூஜ்யம் புள்ளி ஒன்று நாலு குறைச்சல்.
அம்மோனியா முள் அவ்வளவு நகர்ந்தால்
நாங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

ஏப்ரல் பதினைந்து, தடைக்காலம்.
படகுகள் கரையேறின, பிளாண்டை நிறுத்தினோம்.
உறைந்து கிடந்த குழாய்களில் பனி உதிர்ந்து
சாக்கடை வரைக்கும் ஒரு ஓடை.
ஜூனில் மறுபடி ஓட்டினோம்.
ஐப்பசியில் புது சீசன் பட்டியல் வந்தது,
அவள் பெயர் இல்லை.
ஏன் என்று ஒரு வரியும் இல்லை.
மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே,
கீழிருந்துதான் எனக்குப் பழக்கம்.

நேற்று ஒரு பாரைக் கொக்கி இல்லாமல்
ஈரத் தரையில் தள்ளிவிட்டேன்.
போனது. பாதி வழியில் மெல்லத் திரும்பி,
ஒரு பக்கம் சாய்ந்து, சாய்ந்தபடியே
கிரஷர் வாய்க்கு ஒரு முழம் முன்னால் நின்றது.
நிஜாமுதீன் பார்த்துக்கொண்டிருந்தார்.
“எத்தனை?” என்றார்.
பார்க் கணக்கைத்தான் கேட்டாரோ என்னவோ.

மணி எட்டு.
அழுத்தம் பன்னிரண்டரை.
கையெழுத்துப் போட்டேன்.