அவசரமில்லை என்றவர்

யூமாவில் ஜூலை. பிற்பகல் ஒன்றே கால்.
காய்ச்சல் பார்க்கும் அதே கணக்கில்
வெளியே நூற்றுப் பதினெட்டு.
எங்களிடம் மூன்று வேன்கள்.
வெள்ளைப் பலகையில் முப்பத்தொரு வீடுகள்.

கம்ப்ரசரை நான் தொட்டதே இல்லை.
என் வேலை காது.
யார் முதலில், யார் பிறகு என்று
அழித்து அழித்து எழுதுவது.

கைக்குழந்தை என்றால் மேலே.
ஆக்சிஜன் சிலிண்டர் என்றால் அதற்கும் மேலே.
கத்துகிறவர்களைக் கீழேதான் வைப்பேன்;
கத்துவதற்கு மூச்சிருக்கிறதே.
"என் கிளி திறந்த வாயை மூடவில்லை" என்றவளை
எங்கே வைப்பதென்று தெரியாமல்
இரண்டு முறை இடம் மாற்றினேன்.

மீன் டாக்கோ கடை ஆக்டேவியோவுக்கு
இரண்டு மணி என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.
வேனின் விலாவில் அதைத்தான்
நீலப் பெயிண்டில் எழுதி வைத்திருக்கிறோம்:
சொன்ன நேரம், வந்த நேரம்.

அப்போது ஆர்வல் டிங்லி அழைத்தார்.
நேற்று மாலையிலிருந்து மெஷினில் சத்தமில்லையாம்.
"அவசரமில்லை அம்மா,
பிள்ளை குட்டி உள்ளவர்களை முதலில் பாருங்கள்."
வீட்டு எண்ணைச் சொன்னார்.
கொஞ்சம் பொறுத்து வேறோர் எண்ணைச் சொன்னார்.
வியர்க்கிறதா என்று கேட்டேன்.
"காலையில் வியர்த்தது. இப்போது நின்றுவிட்டது.
இதமாகத்தான் இருக்கிறது."

இதமாக.

ஒரு கையில் ஆம்புலன்ஸ்,
மறு கையில் ரெஃபூஹியோ.
டாக்கோ கடைக்கு நான்கு தெரு இருக்கையில்
வண்டியைத் திருப்பச் சொன்னேன்.
ஏன் என்று அவன் கேட்கவில்லை.
இண்டிகேட்டர் சத்தம் மட்டும் கேட்டது.

கதவு பூட்டாமல் கிடந்ததாம்.
ஆள் வரப்போகிறது என்று
கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டையில்
நாற்காலியில் உட்கார்ந்திருந்தாராம்.
மேசையில் ஒரு காசோலை,
கையெழுத்து இருந்தது, தொகை இல்லை.
ஈரத் துண்டை அவர் கழுத்தில் சுற்றிவிட்டு
சைரன் வரும்வரை
அவரிடம் பேஸ்பால் பேசிக்கொண்டிருந்தானாம்,
பேஸ்பாலில் ஒன்றும் தெரியாத ரெஃபூஹியோ.

அவரைக் கொண்டுபோன பிறகும் இவன் கிளம்பவில்லை.
சோடா டப்பா அளவுள்ள கெபாசிட்டர்,
தலை உப்பிக் கிடந்தது.
கான்டாக்டரின் இடுக்கில் கருகிய எறும்புகள்.
ஆளில்லாத வீட்டில் என்ன வேலை என்றேன்.
"திரும்பி வருவார் அல்லவா?" என்றான்.
"குளிர் என்று நாம் எதையும் செய்வதில்லை.
உள்ளே இருக்கிற சூட்டைச் சுமந்து
வெளியே இறக்குகிறோம், மூட்டை தூக்குகிற வேலை.
ஜனவரியில் ஒரு வால்வு திரும்பும்,
அதே மூட்டை உள்ளே போகும்."

ஆக்டேவியோவின் கடைக்கு வேன் போனபோது
மணி நாலு நாற்பது.
மதியக் கூட்டம் பாதித் தட்டோடு எழுந்து போயிருந்தது.
"உங்களை நம்பினேன் பாருங்கள்" என்றார், கத்தாமல்.
மறுமொழி தேடினேன். கிடைக்கவில்லை.
அவர் கணக்கில் அவர் சொன்னது சரி.
புகார்த் தாளில் அப்படியே எழுதி
முதலாளியின் மேசையில் வைத்தேன்.

அடுப்புக் கையுறை மாட்டிக்கொண்டு
ஸ்டியரிங்கைப் பிடித்து வீடு வந்தேன்.
கிளி என்ன ஆயிற்று என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

டிசம்பரில், முதல் குளிர் விழுந்த இரவு
மறுபடி அதே குரல்.
ஹீட்டர் போட்டால் கருகல் வாடை வருகிறதாம்.
ஆறு மாதத் தூசி எரிகிறது,
ஜன்னலைத் திறந்து வையுங்கள்,
ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்றேன்.
"இருந்தாலும் ஒருமுறை வந்து பாருங்கள்.
அவசரமில்லை."

வீட்டு எண் கேட்டேன். சொன்னார்.
இன்னொரு முறை கேட்டேன்.
எரிச்சலோடு அதே எண்ணைச் சொன்னார்.

பலகையில்
கடைசி வரியில் அவரை எழுதினேன்.