மைனஸ் பதினாலு

இடப்பக்கம் திரும்பிப் படுக்கச் சொன்னா.
பெயர்ப்பட்டியில் பர்ஸானா. பேச்சில் கிண்ணியா.
குளிர்ந்த களியை நெஞ்சில் அப்பி
விலா இடுக்கொன்றைத் தேடிப் பிடித்தா.

எனக்கு இந்த வேலை தெரியும்.
பத்தொன்பது வருஷமாய் உள்துறைமுகத்தில்
ஒலியை இறக்கி, திரும்பி வருவதை வாங்கி
ஆழம் குறிக்கிறவன் நான்.
சேறு ஒரு மாதிரித் திரும்பும், பாறை வேறு மாதிரி.
அடியில் கிடக்கும் பழைய இரும்பு
கூப்பிட முன்னமே பதில் சொல்லும்.

டெங்கு விட்டு நாற்பதாம் நாள்.
பிளேட்லெட் ஏறிவிட்டது, சோறு இறங்குகிறது.
படகிலிருந்து ஜெற்றிக்கு ஏறும் ஏணியில்
ஏழாம் படியில் மட்டும்
யாரோ உள்ளிருந்து சட்டையைப் பிடித்து இழுக்கிறார்கள்.

"பம்ப் பண்ணுற அளவு சரிதான்" என்றா.
எழும்பப் பார்த்தேன்.
"இன்னும் இருக்கு. சுவர் எவ்வளவு சுருங்குதெண்டு பார்க்கணும்."
புள்ளி புள்ளியாய்த் துரத்திப் போனது கணினி.
கடைசியில் ஒரு வட்டம், பதினேழு துண்டு:
சிவப்பு, சிவப்பு, சிவப்பு,
ஒரு ஓரம் மட்டும் தோய்த்துத் தோய்த்து வெளுத்த சாரம்.
"மைனஸ் பதினாலு. மைனஸ் இருபது கிட்ட வரணும்."

குறையக் குறைய நல்லதென்ற கணக்கை
அன்றைக்குத்தான் கேட்டேன்.
என் வங்கிப் புத்தகத்துக்கு அது தெரியாது.

கொழும்பில் குழாய்க்குள் போட்டார்கள்.
மோதிரம், அரைஞாண், திறப்புக்கோர்வை தட்டத்தில்.
நரம்பில் மருந்து ஏற, வாயில் ஆணிச் சுவை.
சிங்களத்தில் ஒரு குரல்:
மூச்சை எடு. விடு. இப்போது பிடி.
விட்ட பிறகு பிடிப்பதா?
கடலில் ஒருவரும் அப்படிப் பழக்கவில்லை.
பிடித்தேன்.

படத்தில் தசை கறுப்பு.
பின்சுவரின் வெளியோரத்தில்
உப்புப் பூத்தது போல் ஒரு கோடு.
தழும்போ வீக்கமோ, ஆறு மாதம் கழித்துச் சொல்லலாமாம்.
அதுவரை ஏணி இல்லை.

எங்கள் வரைபடங்களிலும் உண்டு,
இருப்பதாகச் சொல்லப்படும், உறுதியில்லாத பாறை.
பக்கத்தில் கேள்விக்குறி போட்டுவிட்டு
சாப்பிடப் போவோம்.

விடிய நாலரை, திருக்கோணமலை பஸ் நிலையம்.
மான் ஒன்று பையை முகர்ந்தது.
விலாப்புறம் படபடவென்று அடித்தது அதற்கு.
எண்ணத் தொடங்கி
முப்பத்தொன்றில் விட்டுவிட்டேன்.

வதனி எடுத்தாள்.
"எவ்வளவாம்?"
"பதினாலு. மைனஸ்."
"அது கூடவா, குறைவா?"

மான் பயணச்சீட்டைத் தின்றுகொண்டிருந்தது.