நடு ஊசி

பெட்டிக்குள் பதினொரு வட்டங்கள்,
ஒன்றினுள் ஒன்று அடங்கிக் கிடக்கும்.
ஐம்பத்தொன்றை மட்டும் காணவில்லை.
போன மாதம் கோண்டாவிலில்
யாரோ வீட்டுக் கூரையில் விட்டுவிட்டு இறங்கியிருப்பேன்.

இன்று கொக்குவிலில் ஐந்து ஓட்டை.
பட்டியல் எழுதித் தந்தவ ரதிமலர் அக்கா,
கூட்டுறவுச் சங்கத்துக் கணக்குக் கையெழுத்து.
தாங்கி, கதவு, குசினி ரைல்ஸ், குளிரூட்டிக் குழாய்,
கடைசியில் கேற்.
கேற்றுக்கு எதிரே மட்டும் அளவு இல்லை.

பிளாஸ்ரிக் தாங்கிதானே என்று விரைந்தால்
அறுபடாது, உருகும்.
உருகினது பல்லில் அப்பி
வட்டத்தை முட்டையாக்கிவிடும்.
மெல்ல விட்டேன்.
கருஞ்சுருள்கள் முற்றத்தில் விழ
கோழியொன்று புழுவென்று கொத்தி
ஏமாந்து நடந்தது.

கதவு, வேம்பு.
ஒரே மூச்சில் மறுபக்கம் போனால்
போகிற இடத்தைப் பிய்த்துக்கொண்டு போகும்.
ஊசிமுனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும்
நிறுத்து, சுற்றிப் போ,
அங்கிருந்து தொடங்கு.
இரண்டு பக்கமும் வந்து நடுவில் சந்தித்தால்தான்
இரண்டு முகமும் சுத்தம்.
கதவைத்தான் சொல்கிறேன்.

"கையுறை போடேல்லையே பிள்ளை?"
சுழல்கிற சாமானுக்குக் கையுறை ஆகாது அக்கா,
ஒரு நூல் போதும், விரலைக் கூட்டிக்கொண்டு போய்விடும்.
பின்னலைச் சுருட்டிக் குத்தியிருந்தேன்.
சால்வை சைக்கிள் கூடைக்குள்.
கண்ணாடி மட்டும் மூக்கில்.

ரைல்ஸ் அறுக்கிற வட்டத்துக்குப் பல் இல்லை,
விளிம்பில் வைரத்தூள், நடு ஊசியும் கிடையாது.
நிமிர்த்தி வைத்தால் வழுக்கி
சுவர் முழுக்கக் கிறுக்கும்.
சரித்துப் பிடித்து முதலில் ஒரு பிறை,
பிறையை வளர்த்து வளர்த்து முழுநிலா.
அக்கா போத்தலால் தண்ணீர் விட்டுக்கொண்டே நின்றா.
ட்ரில்லில் படாமல், அக்கா, விளிம்பில் மட்டும்.

குளிரூட்டிக்குச் சுண்ணக்கல் சுவர்.
ஒரு விரல் ஆழம், வெளியே எடு, தூளைத் தட்டு,
மறுபடி ஒரு விரல்.
முகமூடிக்குள் என் மூச்சே எனக்குச் சூடு.
பாதியில் வாள் கல்லைக் கடித்துக்கொண்டது.
கடித்தால் வாள் நிற்கும், ட்ரில் சுழலும்,
ட்ரில்லோடு பிடித்தவளும்.
பக்கக் கைப்பிடி இல்லாமல் நான் வேலை செய்த
கடைசி நாளை
இடது மணிக்கட்டு மழைக்கு மழை சொல்லும்.

பின்னேரம் கேற்.
பச்சைத் தகட்டில் நாலு சன்னத் துளை,
விளிம்புகள் உள்நோக்கிப் பிளந்து.
"புதுசா ஒண்டும் போடாதேங்கோ.
பூட்டுக்குப் பக்கத்தில உள்ளதைப் பெருசாக்கி
மணிப் பொத்தானை அதிலை வையுங்கோ."

இருபத்திரண்டை மாட்டிக்கொண்டு நின்றேன்.
நடு ஊசி தொட வேண்டிய இடத்தில்
தகடு இல்லை.
ஊசிக்குப் பிடி இல்லாவிட்டால்
வாள் துள்ளும், வழுக்கும், கையைத் தேடி வரும்.
இருக்கிற ஓட்டையைப் பெரிதாக்க
முதலில் அதை அடைக்க வேண்டும்.

காலையில் கதவிலிருந்து விழுந்த
வேப்பவில்லை சட்டைப் பைக்குள் இருந்தது.
அதன் நடுவிலும் ஒரு ஊசித்துளை,
அதனால் சற்றுத் தள்ளி
தகட்டுக்குப் பின்னால் வைத்துக் கிளாம்பால் இறுக்கினேன்.
பிளந்த விளிம்பை அரத்தால் தேய்த்தேன்.
ஊசி வேம்பைக் கடித்தது.
மெதுவாய், எண்ணெய் விட்டு, இன்னும் மெதுவாய்.
பச்சை பெயின்ற் கருகி மணந்தது.
வாளுக்குள் தங்கியது ஒரு வளையம்,
நடுவில் பழைய கிழிசலோடு.

எடுக்கக் கை நீட்டினா.
சுடும் அக்கா, பற்றரியைக் கழற்றட்டும்.

காசு எண்ணும்போது சொன்னா:
"கேற்றில ஏற்கெனவே இருந்த ஓட்டைதானே,
அதுக்குப் பாதி."
இருக்கிற ஓட்டைக்குத்தான் அக்கா வேலை கூட.

கொஞ்ச நேரம் கேற்றைப் பார்த்தா.
முழுசாய்த் தந்தா.
பொத்தானை அழுத்திப் பார்த்தோம்.
கரண்ட் இல்லை.

மற்ற மூன்று? என்று கேட்டேன்.
"அளவு எழுதித் தாறன்" என்றா.