பனிக்கு ஒரு பல்

புவிராஜ் கொண்டுவந்தது பல் அல்ல.
தீப்பெட்டிக்குள் பஞ்சு, பஞ்சுக்குள்
கட்டைவிரல் நுனியளவு பீங்கான் மூடி,
நீலக்கோடு ஒன்று சுற்றி.

'இதுக்குச் சோடி வேணும், அக்கா.'

நகோயாவில் கார்க்கதவு பூட்டிய ஏழு வருசத்தில்
சம்பளம் போக அவனுக்குக் கிடைத்தது
ஒரு சுருளோவியம்.
வீடு மாறிப்போன யாரோ
குப்பை நாளில் வாசலில் வைத்தது.
அடியில் ஒரு தடி, தடியின் முனைகளில் இரண்டு மூடி.
பிடித்துச் சுருட்ட அவைதான் கை,
தொங்கினால் அவைதான் பாரம்.
கட்டுநாயக்காவில் பெட்டி விழுந்து
ஒன்று நொறுங்கிப்போயிற்று.
கல்லடி வீட்டு ஹோலில்
படம் ஒருபக்கம் சரிந்து நிற்கிறதாம்.

அரசடியில், என் கூடத்தில்
நான் செய்வது பல்.
வாயை நான் பார்ப்பதில்லை.
அச்சு வரும், சீட்டு வரும், சீட்டில் நிற இலக்கம் வரும்.
களுவாஞ்சிக்குடியின் கடைவாய்,
ஏறாவூரின் முன்பல் இரண்டு,
கலியாணத்துக்கு முன் வேண்டும் என்று அடிக்கோடு.

இதற்குச் சீட்டு இல்லை.

சூளையில் பீங்கான் ஐந்தில் ஒரு பங்கு சுருங்கும்.
கூட்டித்தான் செய்தேன்.
முதலாவது வெள்ளை கூடி,
பழையதுக்குப் பக்கத்தில்
புது மாப்பிள்ளைபோல் இளித்தது.
இரண்டாவது சூட்டில் இருக்கையில் கறண்ட் போனது.
மூன்றாவதற்கு
நிறப்பலகையின் கடைசித் துண்டை எடுத்தேன்:
நாற்பது வருசம் சுருட்டும் தேத்தண்ணியும் கண்ட
வாகரை வாய்களுக்கு எடுக்கும் நிறம்.
பொருந்தியது.
அங்கேயும் யாரோ புகைத்திருக்கிறார்கள்
அந்தப் படத்துக்கு முன்னால் இருந்து.

கோட்டுக்கு,
இளம் பல்லின் விளிம்பில் தொடுகிற நீலம்.
தூரிகையில் ஒரே மயிர்.
மூச்சு விடவில்லை.

காசு வேண்டாம் என்றேன், படத்தைக் காட்டு.

ஆடியில் ஒருநாள் போனேன்.
ஒரு பாலம். பாலத்தில் குடையோடு ஒருவர்,
முகம் கீறவில்லை.
மிச்சமெல்லாம் வெறுந்தாள்.
'அதுதான் பனி,' என்றான்.

வாவியைத் தாண்டிக் கச்சான் வந்தது,
யன்னல் சீலையைத் தூக்கிக்கொண்டு.
உதடு வெடிக்கிற வெக்கை.
சுருள் அசைந்தது.
என் பல்லும் அவர்கள் பல்லும்
சுவரில்
டக்,
டக டக, டக்.

'ராவெல்லாம் இப்பிடித்தான் அக்கா, நித்திரையில்லை.
முனையில பஞ்சு ஒட்டவா?'

வேண்டாம் மனே, விடு.
அந்தக் குடைக்காரருக்குக் குளிர்கிறது.