சிட்டிகை

கோவ்த் ஊரிலிருந்து நாற்பது கிலோமீட்டர் மோட்டார் சைக்கிளில்,
குறுக்கே ஒரு வேலிகூட இல்லாத மங்கோலியப் புல்வெளி.
கம்பளிக் கூடாரத்துக்குள் நான் குனிந்து நுழைந்ததும்
செவெக்ஜாவ் சட்டைக் கையைச் சுருட்டினார்,
ஊசி போடப் பிடித்த கிடாவின் முகத்தோடு.

நூற்று எழுபத்தெட்டு. நூற்று நான்கு.
இரண்டாம் முறையும் காற்றடித்தேன்.
அதே எண்கள், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

மாத்திரை போடுகிறேன், சரி.
சாயங்காலம் குதிரை ஏறாமல்
மந்தைவரை நடக்கிறேன், பார்க்கிறவன் சிரிக்கட்டும்.
தேநீரில் மட்டும் கை வைக்காதே.
பால், தேயிலை, ஒரு கை உப்பு.
என் அப்பன் குடித்தது.

அவர் எந்த வயதில் போனார்?

ஐம்பத்தொன்றில். பனியில். வாய் ஒரு பக்கம் கோணி.
சொன்ன பிறகு அவரே
கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்தார்.
ஆனாலும் விடவில்லை:
"உப்புப் போட்டுத் தின்கிறவன்தானே மனுஷன்?"

யாஞ்ஜிமா, என்னோடு படித்தவள், வாயே திறக்கவில்லை.
வெளியே வந்து என் பெட்ரோல் மூடியைத் திருகியபடி
எவ்வளவு குறைத்தால் நாக்குக்குத் தெரியாது
என்று மட்டும் கேட்டாள்.

வாரம் ஒரு சிட்டிகை,
குட்டிக்குப் பால் மறக்கடிப்பது போல.
மே. ஜூன். ஜூலை.
அவர் உறிஞ்சினார், ஏப்பம் விட்டார்,
தேநீரென்றால் இதுதான் என்று
என்னிடமே புகழ்ந்தார்.
நான் கிண்ணத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

செப்டம்பரில் மைத்துனர் வீட்டில்
ஒரு மடக்கு வாயில் வைத்தவர்
வெளியே ஓடித் துப்பினாராம்.
"இதென்ன, கடலா?"
கடலைப் பார்த்ததே இல்லை அவர்.
எந்தத் திசையில் போனாலும் அது வருவதற்குள்
குதிரை கிழடாகிவிடும்.

திரும்பி வந்து யாஞ்ஜிமாவின் கையையே பார்த்தார்.
"எப்போதிலிருந்து?"
"ஆடு ஈன்றதிலிருந்து."
அன்று இரவு பேச்சில்லை.
விடிந்ததும் உப்புப் பையைத் தூக்கிப் போய்
ஆடுகளின் கல்தொட்டியில் கொட்டினார்.
அவற்றுக்கு வேண்டும், நக்கட்டும்.
விரல் நுனியில் ஒட்டியதைத்
தானும் நக்கிக்கொண்டதை
யாஞ்ஜிமா பார்க்காத மாதிரி பார்த்தாள்.

நேற்று நூற்று நாற்பத்தாறு. தொண்ணூற்றிரண்டு.
இன்னும் இறங்க வேண்டும்.
எழுதிக்கொண்டு கிளம்பினேன்.

பாதி வழியில் பஞ்சர்.
கணவன் காலையில் நிரப்பித் தந்த பிளாஸ்கைத் திறந்து
ஒரு மடக்கு குடித்தேன்.
நாக்கு சுருண்டது.
அவனிடம் எங்கே ஆரம்பிப்பது என்று யோசித்தபடி
சக்கரத்தைக் கழற்றினேன்.